ராத்திரி ரத்தம்

சீர்காழியில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஊர் சீக்கிரம் தூங்காது. பிரம்மபுரீஸ்வரர் கீழே, தோணியப்பர் நடுவில், அதற்கும் மேலே சட்டைநாதர். அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பூஜை. பெண்கள் தலையில் பூ வைக்காமல், ஆண்கள் சட்டை போடாமல் ஏறிப் போய்க் கும்பிட்டுவிட்டு இறங்குவார்கள். 1980களில் எங்கள் யானைக்கால் ரத்தப் பரிசோதனைக் குழு சீர்காழிக்கு வருவதென்றால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத்தான் வரும். பக்தியால் அல்ல. ராத்திரி பத்தரை மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்க ஆள் விழித்திருக்க வேண்டுமே, அதற்காக.

நான் ஆய்வக நுட்புநர். 1980இல் வேலையில் சேர்ந்து 2015இல் ஓய்வு பெற்றேன். பதவிப் பெயர் காகிதத்தில்தான். ஊரில் எங்களுக்குப் பெயர் 'ராத்திரி ரத்தம் எடுக்கிறவங்க'. கையில் ஒரு மரப்பெட்டி, அதில் வரிசையாக ஸ்லைடுகள், ஊசி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சு, ஒரு டார்ச் லைட், ஒரு ரிஜிஸ்டர். இடது கை மோதிர விரலில் ஒரு குத்து. 20 கன மில்லிமீட்டர் ரத்தம், அதாவது ஒரு பெரிய சொட்டு. ஸ்லைடில் தடவி, அது காய்வதற்குள் அதன் மேலேயே ஊசியால் எண்ணைக் கீறிவிட வேண்டும்.

கோயிலிலிருந்து இறங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏன் தம்பி, பகல்ல வந்தா ரத்தம் வராதா?"

"வரும் ஆச்சி. புழு வராது. அது பகலெல்லாம் நுரையீரல்ல போய் ஒதுங்கிக்கும். ராத்திரிதான் ரத்தத்துல ஓடும்."

"சாமி புறப்பாடு மாதிரி அதுக்கும் நேரங்காலம் உண்டுங்கிறே" என்று சொல்லிவிட்டு விரலை நீட்டினார்.

இந்த நேரங்காலத்தைக் கண்டுபிடித்த கதை பெரியது. ரத்தத்தில் இந்தப் புழுக்குஞ்சு இருப்பதைக் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் 1872இல் பார்த்துச் சொன்னார். சீனத்துத் துறைமுகமான அமோயில் டாக்டராக இருந்த பாட்ரிக் மேன்சன், 1877இல் தன்னிடம் வேலை பார்த்த, ரத்தத்தில் புழு உள்ள சீனர் ஒருவரைக் கொசு நுழையும்படி அமைத்த அறையில் ராத்திரி தூங்க வைத்தார். காலையில் வயிறு முட்ட ரத்தம் குடித்துச் சுவரில் ஒட்டிக் கிடந்த கொசுக்களைப் பிடித்து, நாளுக்கு நாள் அறுத்துப் பார்த்தார். கொசுவுக்குள் புழு வளர்வது தெரிந்தது. பிறகு இரவும் பகலும் மாற்றி மாற்றி ரத்தம் எடுக்க வைத்து, நடுநிசியை ஒட்டிப் புழு கூடுவதையும் பகலில் மறைவதையும் எழுதி வைத்தார். ஒரு பூச்சி மனித நோயைச் சுமக்கிறது என்பதற்கு உலகத்துக்குக் கிடைத்த முதல் சாட்சி அதுதான். அவ்வளவு தெரிந்த மனிதர் அடுத்த படியில் சறுக்கினார். கொசு தண்ணீரில் விழுந்து செத்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று நினைத்தார். கடியின் வழியாகவே புழு ஏறுகிறது என்பது தெளிய 1900 ஆயிற்று.

எங்களைக் கடிக்கும் கொசு க்யூலெக்ஸ் குவின்குவிஃபாசியாட்டஸ். டெல்டா என்றாலே வயல், வயல் என்றாலே கொசு, ஆகவே வயல்தான் யானைக்காலுக்குக் காரணம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். வயல் மேல் போட்ட வீண்பழி அது. வயல் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் வேறு இனம். அது கொண்டு வருவது மூளைக்காய்ச்சல், 1955இல் இந்தியாவில் முதன்முதலாக வேலூரில் அடையாளம் கண்டார்களே, அந்த ஜப்பானிய மூளைக்காய்ச்சல். யானைக்கால் கொசுவுக்கு வேண்டியது சாக்கடை. கும்பகோணம் போல நெருங்கிக் கட்டிய ஊர்களில் கொல்லைப்புறத்தில் தேங்கும் கருப்புத் தண்ணீர்தான் அதற்குத் தொட்டில். காவிரி வயலுக்குப் பாய்ந்தது, கழிவு பாய வழியில்லாமல் தெருவில் நின்றது. 'கும்பகோணத்துக் கால்' என்று ஊர்ப் பெயரை நோய்க்குச் சூட்டிக் கேலி செய்தவர்கள் அந்தச் சாக்கடையைப் பற்றிப் பேசியதில்லை.

தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கியது. ராத்திரி ரத்தம் எடுப்பது, புழு கண்டவருக்கு டி.இ.சி. மாத்திரை கொடுப்பது, சாக்கடைக்கு எண்ணெயும் மருந்தும் தெளிப்பது. நான் சேர்ந்தபோதும் அதேதான்.

சேர்ந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். ஒரு ஊர்; அங்கிருந்து கடைசி பஸ் ஒன்பதுக்கு. நானும் இன்னொரு பையனும் ஏழு மணிக்கே ஆரம்பித்து எட்டரைக்குள் ஒரு தெரு முழுக்கக் குத்தி முடித்து பஸ் ஏறிவிட்டோம். மறுநாள் ஸ்லைடுகளைத் தண்ணீரில் போட்டுச் சிவப்பு போகக் கழுவி, ஜே.எஸ்.பி. சாயம் ஏற்றிக் காய வைத்தோம். ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்று நம் நாட்டு ஆட்கள் இரண்டு பேர் 1944இல் உண்டாக்கிய சாயம் அது. சல்லிசு விலை, கை நடுங்கினாலும் பழுது வராது. மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. தெரு முழுக்கப் பூஜ்யம். சந்தோஷமாக ரிஜிஸ்டரில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன்.

எங்கள் சீனியர் எண்களைப் பார்க்கவில்லை, நேரம் எழுதிய கட்டத்தைப் பார்த்தார். "ஏழு மணிக்கா? கடை திறக்கிறதுக்கு முன்னாடி போயி வியாபாரமே இல்லன்னு எழுதியிருக்கே தம்பி" என்றார். அதே தெருவுக்கு அடுத்த வாரம் பத்து மணிக்கு மேல் அனுப்பினார். திண்ணையில் படுத்து விடியற்காலை முதல் பஸ்ஸில் திரும்பினோம். மூன்று ஸ்லைடுகளில் புழு இருந்தது. சாயம் ஏறிய புழுக்குஞ்சைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மெல்லிய உறைக்குள் வளைந்து கிடக்கும் நூல், உள்ளே மணி கோத்த மாதிரி கருப்புப் புள்ளிகள், வால் நுனியில் மட்டும் புள்ளி இருக்காது. அந்த வெற்று நுனியை வைத்துத்தான் உச்செரேரியா என்று சொல்வோம். மூன்று பேரில் ஒருவனுக்கு என் வயது. இரும்பு மாதிரி உடம்பு, ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை என்றான்.

இந்த நோயின் விசித்திரமே அதுதான். கால் தூண் மாதிரி வீங்கியவரின் ரத்தத்தில் பெரும்பாலும் புழு இருக்காது. அவர் உடம்பில் புழு தன் வேலையை முடித்துவிட்டிருக்கும். நிணநீர்க் குழாய் கெட்டுப்போனதன் மிச்சம் அந்த வீக்கம். பரப்புகிறவர் ஒன்றுமே இல்லாமல் நடமாடும் அந்த இளைஞன். ஊர் யாரைப் பார்த்து ஒதுங்கியதோ அவர் ஸ்லைடு சுத்தம். யாருக்குப் பெண் கொடுக்கப் போட்டி போட்டதோ அவன் ஸ்லைடில் புழு. வீங்கிய காலோடு வந்து விரலை நீட்டி, "எனக்கு ஒண்ணுமில்லன்னு வந்தா அதை எழுதிக் குடுங்க, பொண்ணு வீட்ல காட்டணும்" என்று கேட்ட ஒரு தகப்பனாருக்கு என்ன சொல்வதென்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அந்தத் தெருவுக்குப் பிறகு 'இல்லை' என்ற சொல்லைக் கண்டால் எனக்குச் சந்தேகம். எப்போது போய்ப் பார்த்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள், எதை வைத்துப் பார்த்தீர்கள் என்று மூன்று கேள்வி தானாக வந்துவிடும். முப்பத்தைந்து வருஷ வேலையில் நான் கற்றது இந்த மூன்று கேள்விகள்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

என் அப்பாவைப் பெற்ற தாத்தா கொள்ளிடக் கரை கிராமம் ஒன்றில் தலையாரி. அப்போதெல்லாம் வாந்திபேதி கண்டு ஆள் செத்தால் பட்டாமணியார் ஒரு சீட்டு எழுதித் தருவார். தாத்தா அதை மடியில் செருகிக்கொண்டு சீர்காழி தாலுகா ஆபீசுக்கு நடப்பார். வெள்ளைக்காரன் ஏட்டில் ஊர்ப் பெயர் ஷியாலி. சென்னை மாகாணத்தில் காவிரி டெல்டாவைக் காலராவின் நிரந்தர வீடுகளில் ஒன்றாகவே சுகாதாரத் துறை எண்ணியது. மாகாணப் பொதுச் சுகாதார இயக்குநராக இருந்த ஏ.ஜே.எச். ரஸ்ஸல் இந்தியக் காலராவைப் பற்றி 1928இல் பெரிய ஆய்வு வெளியிட்டார். அதற்கு அடிப்படை இப்படிக் கிராமம் கிராமமாக வந்து சேர்ந்த சாவுக் கணக்குகள். தாத்தாவுக்கு ரஸ்ஸலைத் தெரியாது. ரஸ்ஸலின் புள்ளிகளில் ஏதோ ஒன்று தாத்தா நடந்து கொண்டுபோய்ச் சேர்த்ததாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த ஜனன மரண ஏட்டில் சாவுக்கான கட்டங்கள் கொஞ்சம்தான். காலரா, அம்மை, பிளேக், பேதி, மூச்சு நோய், காயம், பிற. எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ள 'ஜுரம்' என்று ஒரு கட்டம். மலேரியா, டைபாய்டு, பிரசவக் காய்ச்சல், என்னவென்றே தெரியாதது எல்லாம் அதில் போய் விழும். உலகத்துப் புத்தகங்களை எல்லாம் பகுத்து அடுக்க வழி சொன்ன எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்தது இதே சீர்காழியில். பெயரின் முதல் எழுத்தே ஷியாலி. அவர் நூலகத்துக்குப் போகாமல் சுகாதாரத் துறைக்கு வந்திருந்தால் அந்த ஜுரக் கட்டத்தை நாலாகவாவது பிரித்திருப்பார்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. தாத்தா நடந்ததெல்லாம் சாவு விழுந்த நாளில். சாவு இல்லாத நாளில் சீட்டு இல்லை. சீட்டு வரவில்லை என்றால் ஊரில் நோயில்லையா, பட்டாமணியார் எழுதவில்லையா, தலையாரியே பேதியில் கிடக்கிறாரா என்று தாலுகா ஆபீசில் யாருக்கும் தெரியாது. எழுதிய பூஜ்யம் வேறு, எழுதாத வெற்றிடம் வேறு. 1939இல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. எந்தெந்த நோயைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், திருவிழாக் கூட்டத்தில் என்ன செய்ய வேண்டும், கொசு வளரும் தண்ணீருக்கு யார் பொறுப்பு என்று எல்லாம் அதில் இருந்தது. ஆனாலும் கிராமத்திலிருந்து வருவது அந்த ஒற்றைச் சீட்டுத்தான். 1980 நவம்பரில் பட்டாமணியம், கர்ணம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. நான் வேலையில் சேர்ந்ததும் அதே வருஷம். தாத்தா அப்போது உயிரோடு இருந்தார். "மணியக்காரர் போயிட்டார்னா இனிமே சாவை யாருடா எழுதுவா?" என்றுதான் கேட்டார்.

'இல்லை' என்பதை மெனக்கெட்டுத் தேடிப்போய் எழுதியதை நான் முதலில் பார்த்தது பெரியம்மை ஒழிப்பில். நாட்டின் கடைசி நோயாளி 1975 மே மாதம் அஸ்ஸாமில் கண்டுபிடிக்கப்பட்டார். எனக்குப் பதினெட்டு வயது. அதற்குப் பிறகுதான் வேட்டை மும்முரமாயிற்று. அம்மை கண்டவரைக் காட்டிக்கொடுத்தால் 1000 ரூபாய் என்று பரிசுத் தொகையை ஏற்றினார்கள். அன்றைக்கு அது பெரிய பணம். எங்கள் பக்கத்தில் அம்மை என்றால் மாரியாத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று வேப்பிலை செருகிக் கதவைச் சாத்திவிடுவார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். 1000 ரூபாய் அந்தக் கதவையும் திறந்தது. வந்த தகவல் எல்லாம் சின்னம்மை, சொறி. இரண்டு வருஷம் இல்லாததைத் தேடி, 1977 ஏப்ரலில்தான் இந்தியாவில் பெரியம்மை இல்லை என்று அறிவித்தார்கள். கடைசி நோயாளியைக் கண்டுபிடிப்பதைவிட, அவர்தான் கடைசி என்று நிரூபிப்பது பெரிய பாடு.

எதை வைத்துப் பார்த்தீர்கள் என்ற மூன்றாவது கேள்விக்கு 1992 நல்ல உதாரணம். அந்த வருஷம் அக்டோபரில் சென்னையில் காலரா மாதிரியே பேதி. ஆய்வகத்தில் கிருமியும் வளர்கிறது. ஆனால் காலராவை அடையாளம் காட்டும் ஓ1 சீரத்தை விட்டால் திரளவில்லை. புத்தகப்படி 'காலரா இல்லை'. படுக்கையில் மனிதர்கள் அரிசி கழுவிய தண்ணீராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதுவரை தெரிந்த வகைகள் 138; இது எதிலும் சேராததால் ஓ139 என்று பெயர் வைத்தார்கள். மாதக்கணக்கில் அது கல்கத்தா, வங்கதேசம் வரை போயிற்று. ஸ்லைடில் சீரம் சொட்டு விட்டுச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும் எங்களுக்கெல்லாம் அந்தச் செய்தி வயிற்றில் புளியைக் கரைத்தது. சீரம் திரளவில்லை என்று எத்தனை தடவை நாமும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம்.

யானைக்காலுக்கு வருகிறேன். எங்களுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற காரைக்காலில் 1980களில் ஒரு சோதனை நடந்தது. மாத்திரையை யாரும் ஒழுங்காகத் தின்பதில்லை, ஆனால் உப்பில்லாமல் யாரும் சாப்பிடுவதில்லை. ஆகவே டி.இ.சி.யைச் சமையல் உப்பிலேயே கலந்து விற்றார்கள். ரத்தத்தில் புழு உள்ளவர் எண்ணிக்கை மளமளவென்று விழுந்தது. சமையல் சூட்டிலும் மருந்து கெடாது, ருசியும் மாறாது. ஆனாலும் அந்த வழி நாடு முழுக்கப் பரவவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் உண்டு.

1990களின் பின்பாதியில் வந்தது வேறு வழி. யாருக்குப் புழு என்று தேடாதே, எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திரை கொடு. கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், கடும் நோயாளிகள் மட்டும் விலக்கு. தாய்ப்புழு வருஷக்கணக்கில் உயிரோடிருக்கும், ஆகவே வருஷா வருஷம் திரும்பத் திரும்ப. பிறகு அல்பெண்டசோலும் சேர்ந்தது. தொல்லை என்னவென்றால், உடம்பில் புழு உள்ளவருக்குத்தான் மாத்திரை தின்றதும் தலைசுற்றலும் காய்ச்சலும் வரும், புழு சாவதால். நன்றாக இருந்தவனை மாத்திரை படுக்க வைத்துவிட்டது என்று தெருவே மாத்திரையைச் சாக்கடையில் வீசிய வருஷமும் உண்டு. ரிஜிஸ்டரில் 'கொடுக்கப்பட்டது' என்று இருக்கும். கொடுத்தது வேறு, தின்றது வேறு என்பதால் எங்கள் முன்னாலேயே விழுங்கச் சொன்னோம்.

அனுப்பியவருக்கே கணக்கு திரும்பி வரும் நோய்க் கண்காணிப்புக்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்னோடி உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் குழுவினர் 1980களில் வட ஆற்காடு மாவட்டத்து மருத்துவர்களிடம் அஞ்சலட்டைகளைக் கொடுத்து வைத்து, நோய் கண்டதும் எழுதிப் போடச் சொன்னார்கள். வந்ததைத் தொகுத்து மாத இதழாக அந்த மருத்துவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் நதி. கார்டு எழுதியவருக்கே கணக்கு திரும்பி வந்தது பாருங்கள், அதுதான் சூட்சுமம். எங்கள் தாத்தாவுக்குத் தாலுகாவிலிருந்து ஒரு வரி பதில் வந்ததில்லை.

2004 நவம்பரில் நாட்டளவில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது, முதல் கட்டத்திலேயே தமிழ்நாடும். கிராமச் செவிலியருக்கு எஸ் படிவம், டாக்டருக்கு பி படிவம், ஆய்வகத்துக்கு எல் படிவம். நோயில்லாத வாரத்திலும் இல்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்த விதியைப் படித்தபோது தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அடுத்த மாதம் 26ஆம் தேதி சுனாமி. அப்போது எங்கள் மாவட்டம் நாகப்பட்டினம். இறந்தவர்கள் 6000க்கு மேல். பழையாறு, திருமுல்லைவாசல், பூம்புகார்ப் பக்கம் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ஜனம். ஒரு தொட்டி விடாமல் தண்ணீரில் குளோரின் பார்த்தோம். குழாயில் தண்ணீர் பிடித்து ஆர்த்தோடொலுடின் சொட்டினால் மஞ்சள் ஏறும். ஏறாவிட்டால் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர். பேதி எத்தனை, காய்ச்சல் எத்தனை என்று தினம் கணக்கு. பெரிய கொள்ளைநோய் வரவில்லை. வராததைப் பற்றி யாரும் பேப்பரில் போடமாட்டார்கள், அது சரிதான்.

கடைசிக் காலத்தில் என் வேலையும் பகலுக்கு வந்துவிட்டது. மாத்திரை கொடுத்து முடித்த இடங்களில் நோய் பரவுகிறதா என்று பார்க்க, ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ரத்தத்தை அட்டையில் விட்டுப் பத்து நிமிஷத்தில் கோடு விழுகிறதா என்று பார்ப்பார்கள். தாய்ப்புழு விடும் ஆன்டிஜெனைக் காட்டும் அட்டை அது. ஆன்டிஜெனுக்கு நேரங்காலம் கிடையாது, பகலிலும் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளை என்றால் மாத்திரை கொடுக்கத் தொடங்கிய பிறகு பிறந்தது. அதன் ரத்தத்தில் கோடு விழுந்தால் புழு இன்னும் கை மாறுகிறது என்று பொருள். காலை பத்து மணிக்கு, சத்துணவு வாசனை வரும் வராந்தாவில், ஒரு கோடு, ஒரு கோடு, ஒரு கோடு. கட்டுப்பாட்டுக் கோடு மட்டும். இரண்டாவது கோடு விழவில்லை. அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கூட இருந்த பெண், "சார், நெகட்டிவ்தான் சார்" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மரப்பெட்டி என் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. ஸ்டாக்கில் கழித்துவிட்டார்கள்.

2022 நவம்பர் 11. சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை. உப்பனாறும் கழுமலையாறும் வயலும் தெருவும் ஒன்றாகிவிட்டன. ஊழி வெள்ளத்தில் தோணியில் மிதந்த ஊர் என்று தலபுராணம் சொல்வதை அந்த வாரம் யாரும் புராணமாக நினைக்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வடிந்ததும் சுகாதாரத் துறைப் பெண் ஒருத்தி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். நைட்டி மேல் போட்ட துண்டோடு என் மனைவி வாசலுக்குப் போனாள்.

"வீட்ல யாருக்காவது காய்ச்சல், பேதி இருக்காம்மா?"

"இல்லம்மா."

எழுதிக்கொண்டாள். நான் உள்ளேயிருந்து, "பின்கட்டுல ஒரு குடித்தனம் இருக்கும்மா, கேட்டியா?" என்றேன்.

"பாத்தேன் சார், பூட்டியிருக்கு."

"பூட்டின வீட்டுக்கு என்ன எழுதினே?"

அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். நனைந்து மை ஊறிய பக்கம். எங்கள் வீட்டுக்கு நேரே பூஜ்யம். அதற்குக் கீழே 'பூட்டு' என்று எழுதி, பக்கத்தில் 'சாயங்காலம்' என்று போட்டிருந்தாள்.

ஆறரை மணிக்கு, கரண்ட் இல்லாத தெருவில் டார்ச் வெளிச்சம் ஒன்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு பின்கட்டுப் பக்கம் போனது.